துப்பாக்கி கொடுத்தவர் யார்?

நம் பாட்டிமாருக்குப் பழக்கமான சொல் ஒன்று உண்டு. யாருக்கும் அடங்காத பையனையோ, எந்தக் காரியத்தையும் சாதித்துவிடும் கைகாரனையோ கண்டால், "அடேயப்பா! அவன் பெரிய எம்டன் ஆயிற்றே!" என்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானிய யுத்தக் கப்பலின் பெயர். 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிவந்து குண்டு பொழிந்தது. கரையிலிருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூர்களுக்கு ஓட்டம் பிடித்தார்கள். கப்பல் வந்து நின்றது கொஞ்ச நேரந்தான். ஆனால் அதன் பெயர் நூறு வருஷங்களுக்கு மேலாக நம் பேச்சில் குடியிருந்து வருகிறது.

எங்கோ ஜெர்மனியைச் சேர்ந்த அக்கப்பல் நம் சென்னைக்கு ஏன் வந்தது? ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் யுத்தம். அந்த யுத்தம் ஏன் மூண்டது? ஆஸ்திரியா ஸெர்பியாவின்மீது படையெடுத்தது. ருஷியா ஸெர்பியாவுக்குப் பரிந்து எழுந்தது. ஜெர்மனி ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. ஆஸ்திரியாவுக்குக் கோபம் ஏன் வந்தது? அதன் யுவராஜாவான பிரான்ஸ் பெர்டினாண்டை போஸ்னியா நாட்டு ஸரயேவோ நகரில் ஒரு பையன் சுட்டுவிட்டான். இப்படிச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பற்றிக்கொண்டு போனால், மறுமுனையில் மெலிந்த தேகமும் ஆழ்ந்த கண்களும் உடைய ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை நிற்கிறான். அவன் பெயர் காவ்ரிலோ பிரின்ஸிப். வெடிமருந்தைப் பல வருஷங்களாகக் குவித்து வைத்தவர்கள் பெரிய பெரிய ராஜ்யங்களின் மந்திரிகளும் தளபதிகளுமே. ஆயினும் பொறி அவன் கையிலிருந்து விழுந்தது.

நாம் உபாத்தியாயர். சர்வகலாசாலையில் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, இருபது வருஷமாக அதையே சொல்லிக் கொடுத்து வருகிறோம். பத்தாம் வகுப்பில் முதல் உலக யுத்தத்தைப் பற்றிய பாடம் வரும்போது ஸரயேவோ விஷயத்தை ஓரிரு வாக்கியங்களில் கடந்து, ராஜ்யங்களின் கூட்டணிகளுக்குப் போய்விடுவது வழக்கம். பரீட்சையில் கேட்கப்படுவது அவைதாமே! சில மாதங்களுக்கு முன் அப்படிக் கடந்துகொண்டிருக்கையில், நடுப்பெஞ்சியிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அவனுக்கு என்ன வயசு, ஸார்?"

"பத்தொன்பது" என்றோம்.

"எங்க அண்ணன் வயசுதான். படிக்கிற பையனுக்குத் துப்பாக்கி யார் ஸார் கொடுத்தாங்க?"

வகுப்பில் ஐந்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய பதிலை அன்று சொன்னோம். ஆனால் அந்தக் கேள்வி ஐந்து நிமிஷத்தோடு அடங்கிவிடவில்லை. பிள்ளை பெற்றவர் எல்லாரும் காது கொடுக்கவேண்டிய கேள்வி அது என்று நமக்குத் தோன்றியபடியால், விரிவான பதிலை இங்கே எழுதத் துணிந்தோம்.

போஸ்னியா மலைகள் நிறைந்த நாடு. துருக்கியர் ஆட்சியில் இருந்த அதனை 1878-ல் ஆஸ்திரியா தன் ராணுவத்தைக் கொண்டு கைப்பற்றிக்கொண்டது. 1908-ல் தன் சாம்ராஜ்யத்தோடு முறைப்படி சேர்த்தும்விட்டது. புதிய எஜமானர்கள் ரயில் போட்டார்கள், கட்டடங்கள் எழுப்பினார்கள். ஆனால் பிறர் நிலத்தை உழுது, விளைவில் மூன்றில் ஒரு பங்கை நிலச்சுவான்தாருக்கு அளக்கவேண்டிய குடியானவரின் பழைய அடிமைக்கட்டு அப்படியே இருந்தது. 1910-ல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறியாதவர்களாகவே இருந்தார்கள். அந்நிய ஆட்சியை அனுபவித்த நம்மவர்க்கு இந்த வரலாறு புதிதன்று. அந்த நாட்டு வாலிபர்களின் மனத்தில் கோபம் மூண்டதற்கு நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம்.

அந்த நாட்டில் ஓப்லியாய் என்னும் குக்கிராமத்தில் 1894-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி காவ்ரிலோ பிறந்தான். தகப்பனார் பேதர் குடியானவர். வயல் வருமானம் போதாமல் தபால் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்து ஜீவனம் நடத்தினார். தாயார் பெற்ற ஒன்பது குழந்தைகளில் ஆறு சிசுப்பருவத்திலேயே இறந்துபோயின. மிஞ்சிய மூவரில் நடுப்பிள்ளை இவன். அதிகம் பேசமாட்டான், எந்நேரமும் கையில் புஸ்தகம். பதின்மூன்றாம் வயதில் அவனுடைய அண்ணன் அவனை ஸரயேவோவுக்கு அழைத்துக்கொண்டு வந்தான். சாப்பாடும் துணியும் சர்க்காரே கொடுக்கும் ராணுவப் பள்ளியில் தம்பியைச் சேர்த்துவிடலாம் என்பது அவன் எண்ணம். வழியில் தெரிந்த கடைக்காரர் ஒருவர், "சொந்த ஜனங்களையே அடக்குகிற வேலைக்கா பையனைத் தயார் செய்யப்போகிறாய்?" என்ற பொருள்படக் கேட்டாராம். அண்ணன் யோசித்து, தம்பியை வர்த்தகப் பள்ளியில் சேர்த்துவிட்டான். ஒரு கடைக்காரருடைய வார்த்தை ஒரு பையனின் மார்க்கத்தையே மாற்றிவிட்டது. பெரியவர்கள் பேச்சுவாக்கில் உதிர்க்கும் சொற்களுக்கு இவ்வளவு பலம் உண்டு.

வர்த்தகப் பள்ளியிலிருந்து பிறகு உயர்தரப் பள்ளிக்கு மாறினான். அக்காலத்தில் 'இளம் போஸ்னியா' என்ற பெயரால் வழங்கிய வாலிபர் கூட்டம் ஒன்று இருந்தது. தலைவர், காரியதரிசி, சந்தா என்று கட்டுக்கோப்பான சங்கம் அல்ல அது. அங்கங்கே பள்ளிப் பிள்ளைகள் சிறு சிறு குழுவாகக் கூடிப் புஸ்தகங்களைப் பரிமாறிக்கொண்டு விவாதித்தார்கள். தென்பகுதி ஸ்லாவிய ஜனங்கள் யாவரும் ஒரே நாடாக வேண்டும் என்பது அவர்கள் கனவு. 1910-ல் போகுதான் ஷெராயிச் என்ற மாணவன் போஸ்னியாவின் கவர்னரை ஐந்து முறை சுட்டான்; ஐந்தும் தவறின. ஆறாவது குண்டைத் தனக்கே செலுத்திக்கொண்டு மடிந்தான். அவனுடைய சமாதிக்குப் போய் இரவு நேரங்களில் காவ்ரிலோ உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருப்பவர்கள் கைகாட்டாதபோது, இறந்தவன் ஒருவன் வழிகாட்டியாக ஆகிவிடுகிறான்.

1912-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஸரயேவோவில் மாணவர் ஆர்ப்பாட்டம் ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்டதற்காக அவன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளாமல் ஸெர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்குப் புறப்பட்டான். கையில் காசில்லாமல் கால்நடையாகவே போனான் என்று சொல்வது வழக்கம்.

பெல்கிரேடு அக்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைந்த ஜனங்கள் வசித்த நகரம். இருபது லட்சம் பேர் வாழ்ந்த வியன்னாவோடு ஒப்பிட்டால் அது பெரிய ஊர் ஆகாது. ஆனால் ஓப்லியாயிலிருந்து வந்த பிள்ளைக்கு அதுவே மகாபட்டணம். தன் பாஷை பேசும் ஜனங்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் சுதந்திர ராஜ்யத்தின் தலைநகர் அல்லவா? அங்கே போனால் எல்லாரும் கைநீட்டி வரவேற்பார்கள் என்று அவன் எண்ணியிருக்க வேண்டும். பட்டணம் அப்படி வரவேற்கவில்லை. உயர்தரப் பள்ளியின் நுழைவுப் பரீட்சையில் அவன் தேறவில்லை. கையில் பணம் இல்லை. வாடகை அறைகளில் மாறி மாறித் தங்கிப் பட்டினியும் பாதிச் சாப்பாடுமாக நாளைக் கழித்தான். 'பச்சை மாலை' என்று பொருள்படும் பெயருடைய சதுக்கத்தைச் சுற்றிலும் இருந்த காபிக் கடைகளே போஸ்னியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு வீடாக இருந்தன. ஒரு கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்காரலாம். குளிருக்கு அடக்கம், பேசுவதற்குத் துணை. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், வேலை இழந்தவர்கள், எல்லைப்புறச் சண்டைகளில் ஈடுபட்டுத் திரும்பியவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் அங்கே கலந்து உட்கார்ந்தார்கள்.

அதே 1912-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் பால்கன் யுத்தம் மூண்டது. ஸெர்பியாவும் அண்டை நாடுகளும் துருக்கியை எதிர்த்துக் கிளம்பின. ஊரெங்கும் உற்சாகம். பிரின்ஸிப்பும் தொண்டர் படையில் சேருவதற்குப் போனான். படையின் தலைவரான மேஜர் வோயிஸ்லவ் டாங்கோஸிச் அவனை மேலும் கீழும் பார்த்தார். குட்டையான உருவம், ஒட்டிய தேகம். "நீ மிகவும் சிறியவன், பலமில்லாதவன்" என்ற காரணத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தன்னைச் சோனி என்று எல்லாரும் கருதினார்கள் என்பதைப் பிற்காலத்தில் பிரின்ஸிப்பே சொல்லியிருக்கிறான். சொந்த நாட்டுப் பள்ளிக்கூடம் துரத்தியது; அடைக்கலம் தேடி வந்த நாட்டின் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளவில்லை; உயிரைக் கொடுக்கிறேன் என்று போனாலும் 'உன் உயிர் எங்களுக்கு உபயோகப்படாது' என்று பதில் வருகிறது. பதினெட்டு வயதில் இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்க முடியும்? பசியைத் தாங்கிய பிள்ளைகள் பலரை நாம் கண்டிருக்கிறோம். 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்ற சொல்லைத் தாங்கியவர்கள் மிகவும் குறைவு. அந்தச் சொல்லைக் கேட்ட பையன், அதைப் பொய்யாக்குவதற்கு எந்த வழி கிடைத்தாலும் அது நல்ல வழியா, கெட்ட வழியா என்று ஆராய்ந்து கொண்டிருக்க மாட்டான்.

அவனுடைய சிநேகிதர் இருவரையும் பார்ப்போம். நெடெல்கோ சாப்ரினோவிச் ஸரயேவோக்காரன். தகப்பனார் காபிக் கடை வைத்திருந்தார். பையனை அடித்து வளர்த்தார். பல தொழில்களில் மாறி மாறி நுழைந்து கடைசியில் அச்சுக்கோப்பவனானான். வேலை நிறுத்தம் ஒன்றில் ஈடுபட்டதற்காகச் சொந்த ஊருக்குள் வரக்கூடாதென்று சர்க்கார் அவனை நாடு கடத்தினார்கள். பெல்கிரேடில் சர்க்கார் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மற்றவன் த்ரிஃப்கோ கிராபெஷ். மதகுருவின் மகன். உபாத்தியாயர் ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததற்காகத் துஸ்லா நகரப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். உபாத்தியாயர் என்ற முறையில் அவன்மீது நமக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அப்பிள்ளையும் பெல்கிரேடில் பாடம் படித்துப் பரீட்சை எழுதியவன்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

இந்த மூவரும் 1914-ம் வருஷ வசந்த காலத்தில் பெல்கிரேடில் ஒன்றுகூடினார்கள். ஒருநாள் சாப்ரினோவிச்சுக்குப் போஸ்னியாவிலிருந்து தபால் ஒன்று வந்தது. உள்ளே கடிதம் இல்லை. பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டு ஒன்று மட்டும் இருந்தது. ஆஸ்திரியாவின் யுவராஜா போஸ்னியாவுக்கு விஜயம் செய்யப்போகிறார் என்ற செய்தி. அதைக் காபிக் கடையில் பிரின்ஸிப்பிடம் காட்டினான். அன்று மாலை ஒரு பூங்காவின் பெஞ்சியில் உட்கார்ந்து இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

முடிவு செய்வது எளிது. பட்டினி கிடக்கிற பையன்களுக்குக் கைத்துப்பாக்கி எங்கிருந்து வரும்? அந்தப் பெண்ணின் கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

மிலான் ஸிகானோவிச் என்பவர் அதே காபிக் கடைகளுக்கு வந்து போகிறவர், போஸ்னியாவில் பிறந்தவர், பழைய தொண்டர் படை வீரர், ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் அவரை அணுகினார்கள். அவருக்கு மேலே இருந்தவர் வேறு யாருமில்லை. 1912-ல் பிரின்ஸிப்பைத் திருப்பி அனுப்பிய அதே மேஜர் டாங்கோஸிச்தான்! அவருக்கும் மேலே இருந்தவர் ஸெர்பிய ராணுவத்தின் உளவுப் பகுதித் தலைவரான டிராகுடின் டிமிட்ரியெவிச். இவர்கள் யாவரும் 1911-ல் தொடங்கிய ரகசியச் சங்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். 'ஐக்கியம் அல்லது மரணம்' என்பது சங்கத்தின் பெயர். ஊரார் அதை 'கறுப்புக் கை' என்றார்கள்.

நாலு கைத்துப்பாக்கிகள், ஆறு வெடிகுண்டுகள், காரியம் முடிந்ததும் விழுங்குவதற்கு விஷம், இவையெல்லாம் பையன்களின் கைக்கு வந்து சேர்ந்தன. நகரத்தின் ஓரத்திலிருந்த தோப்பில் அவர்களுக்குச் சுடுவதற்குப் பயிற்சியும் கிடைத்தது. மே மாதம் 28-ந் தேதி புறப்பட்டார்கள். எல்லையிலிருந்த உத்தியோகஸ்தர்கள் கைகொடுத்து டிரினா நதியைக் கடக்க வைத்தார்கள்.

யுத்தகளத்தில் எல்லாரும் காண நாட்டுக்காகப் போரிடுவதற்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட பையன், மறைவில் நின்று கொலை செய்வதற்கு லாயக்கானவன் ஆகிவிட்டான். ஒன்றரை வருஷத்தில் அவன் உயரமும் வளரவில்லை, தேகமும் பருக்கவில்லை. பெரியவர்கள் அவனை எந்தக் காரியத்துக்கு உபயோகிக்க எண்ணினார்களோ, அதற்குச் சிறிய உருவமே வசதி. அவனுக்குப் பின்னால் அழுது தேடக்கூடிய மனிதர்களும் அந்தப் பட்டணத்தில் யாருமில்லை. விஷத்தையும் கூடவே கொடுத்து அனுப்பினார்கள் என்றால், அவன் திரும்பிவர வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நம்மிடம் படித்த பிள்ளை ஒருவன் நினைவுக்கு வருகிறான். பரீட்சையில் போதிய மார்க்கு வாங்கவில்லை. சென்னைக்குப் போய், வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுக்கும் வேலையில் அமர்ந்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் நம்மைப் பார்க்க வந்தான். பட்டணவாசம் எப்படி என்று விசாரித்தோம். "நாலு மாசமா என் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடலை, ஸார். ஆர்டர் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "இப்ப ஒரு அண்ணன் இருக்கார். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, 'தம்பி, சாப்பிட்டியா'ன்னு கேட்கிறார். நம்ம கஷ்டத்துக்கெல்லாம் யார் காரணம்னு புரியும்படி சொல்றார்" என்றான். யார் காரணமாம் என்று கேட்டோம். அவன் ஒரு ஜன சமூகத்தின் பெயரைச் சொன்னான். பள்ளியில் அதே சமூகத்துப் பையனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் அவன்!

நாம் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் அந்த 'அண்ண'னுக்குத்தான் லாபம். இரண்டு மணி நேரம் அவன் சொல்வதைக் கேட்டோம். நுங்கம்பாக்கத்தில் நம் உறவினர் வீடு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடவேண்டும் என்று கட்டளையிட்டு அனுப்பினோம். சில வாரங்களில் போகிறான், சில வாரங்களில் போவதில்லை. இன்னும் அவனை நினைத்தால் நமக்குக் கவலையாகவே இருக்கிறது.

ஸரயேவோவுக்குத் திரும்புவோம். 1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரைச் சாலையில் ஆறு பேர் அங்கங்கே நின்றார்கள். ஊர்வலம் வந்தது. முதலில் நின்றவன் கை எழவில்லை. சாப்ரினோவிச் குண்டை எறிந்தான். அது யுவராஜாவின் மோட்டாரின் மடிப்புக் கூரையில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த வண்டியின் அடியில் வெடித்தது, பலர் காயமுற்றார்கள். விஷத்தை விழுங்கிவிட்டு அவன் ஆற்றில் குதித்தான். விஷம் கொல்லவில்லை, கோடைகாலத்து ஆற்றில் மூழ்கத் தண்ணீரும் இல்லை. நகரமண்டபத்தில் உபசாரம் முடிந்து திரும்புகையில் யுவராஜாவின் மோட்டார் வழி தவறி ஒரு தெருவுக்குள் திரும்பி, பின்வாங்குவதற்காக நின்றது. நின்ற இடம் பிரின்ஸிப்புக்கு எதிரில்! இரண்டு முறை சுட்டான். யுவராஜாவும் அவர் மனைவி ஸோபியாவும் உயிர் துறந்தார்கள். மூன்று குழந்தைகள் ஒரே நாளில் தாயும் தந்தையும் இல்லாதவர்கள் ஆனார்கள்.

அக்டோபர் மாதம் விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் 25 பேர். இருபது வயது நிரம்பாதவர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே பிரின்ஸிப், சாப்ரினோவிச், கிராபெஷ் மூவருக்கும் இருபது வருஷக் கடுங்காவல். மாதம் ஒருநாள் பட்டினி. வருஷந்தோறும் ஜூன் 28-ந் தேதி இருட்டறை வாசம். கொலையுண்டவர்களுடைய குழந்தைகளிடம் சாப்ரினோவிச் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டான். அவர் ஒரு தகப்பனார் என்ற நினைவே தங்களுக்கு இருக்கவில்லை என்றான். காபிக் கடைகளில் 'எதிரி', 'கொடுங்கோலன்' என்ற சொற்களையே கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எதிரிக்கும் குழந்தைகள் உண்டு என்பது கூண்டில் ஏறிய பிறகு தெரிந்தது.

1915 பிப்ரவரி 3-ந் தேதி மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இருவர் உபாத்தியாயர்கள்! ஸரயேவோவில் மற்றப் பையன்களைச் சேர்த்த டானிலோ இலிச் ஒருவர். கடைசி நாட்களில் அவர் மனம் மாறி, இந்தக் காரியம் வேண்டாம் என்று தடுத்தும் பார்த்தார். பையன்கள் கேட்கவில்லை. மற்றவர் பிரிபோய் கிராமத்துப் பள்ளியாசிரியர் வெல்கோ சூப்ரிலோவிச். எல்லை கடந்து ஆயுதங்களோடு வந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டி அனுப்பியவர். இந்தச் செய்தியைப் படித்த இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு உபாத்தியாயர்களின் முன்னால் அந்தப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒருவர் தடுத்தார், ஆனால் தடுத்தபோது நாள் கடந்துவிட்டது. மற்றவர் "அப்பா, இதைக் கீழே வை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லியிருந்தால்? சரித்திரத்தில் 'இருந்தால்' என்பதற்கு இடமில்லை என்று மாணவர்களுக்குச் சொல்லுகிறோம். மனத்துக்கு அந்த விதி தெரிவதில்லை.

தெரேஸியன்ஷ்டாட் கோட்டைச் சிறையில் மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். 1916-ல் சாப்ரினோவிச், அதே வருஷம் கிராபெஷ், 1918 ஏப்ரல் 28-ல் பிரின்ஸிப். எலும்பைப் பற்றிய க்ஷயரோகத்தால் அவன் ஒரு கையை இழந்திருந்தான். மார்ட்டின் பாப்பன்ஹைம் என்ற மனநோய் வைத்தியர் 1916-ல் சிறையில் அவனைச் சிலமுறை சந்தித்துப் பேசிக் குறிப்பு எழுதினார். படிக்கப் புஸ்தகம் இல்லாமல் தனியறையில் கிடப்பதே பெருந்துன்பம் என்று அவன் முறையிட்டான். தன் செயலால்தான் உலக யுத்தம் மூண்டது என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அந்த யுத்தத்தில் நம் தேசத்திலிருந்து மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள்; 70,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை.

ஆயுதம் கொடுத்தவர்களின் கதி என்ன? டாங்கோஸிச் 1915-ல் போரில் இறந்தார். டிமிட்ரியெவிச்சை 1917-ல் ஸெர்பிய சர்க்காரே வேறொரு சதிக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றது. பெரியவர்களின் சூதாட்டம் அவர்களுக்குள்ளேயே முடிந்தது.

அந்த ஆற்றங்கரைச் சாலையில் ஆயுதத்துடன் நின்றவர்களில் இருவர் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஒருவன் வாஸோ சூப்ரிலோவிச். தூக்கிலிடப்பட்ட உபாத்தியாயரின் தம்பி. அப்போது பதினேழு வயது. சக்கரவர்த்தி கீதம் பாடியபோது வெளியேறியதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். பதினாறு வருஷத் தண்டனை பெற்று, யுத்தம் முடிந்ததும் விடுதலையாகி, பெல்கிரேடு சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராகவும் மந்திரியாகவும் இருந்து 1990-ல் காலமானார். மற்றவன் ஸ்வெட்கோ போபோவிச்; ஸரயேவோ பொருட்காட்சிசாலையில் அதிகாரியாக இருந்தார். பிரின்ஸிப்பும் இவர்களைப் போலவே படிப்பில் ஆசையுள்ள பிள்ளைதான். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பேராசிரியர் சூப்ரிலோவிச் 1937-ல், அல்பேனிய ஜனங்களை அவர்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து பலவந்தமாக வெளியேற்ற வேண்டும் என்று யோசனை எழுதிக் கொடுத்தவர். இளமையில் ஊட்டிய 'நாம் - அவர்கள்' என்ற பிரிவினை, பட்டம் பெற்ற பிறகும் லேசில் அகல்வதில்லை போலும்.

பிரின்ஸிப்பை வீரன் என்பதா, கொலைகாரன் என்பதா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஸரயேவோவில் அவன் நின்ற இடத்தில் வைத்திருந்த கல்வெட்டை 1941-ல் ஜெர்மானியர் பெயர்த்தெடுத்து ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார்கள். ஆட்சி மாறியபோது வேறு கல்வெட்டு வந்தது. பிறகு அதுவும் போயிற்று. பெல்கிரேடில் 2015-ல் அவனுக்குச் சிலை எழுப்பினார்கள். சிலையாகவும் கல்வெட்டாகவும் அவனை எத்தனையோ பேர் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். உயிரோடு அந்தப் பட்டணத்தில் பசித்துத் திரிந்தபோது, பங்குக்கு வந்தவர் அந்தக் காபிக் கடைக்காரர்கள் மட்டுமே.

'வறுமைதான் காரணம்' என்று சிலர் சொல்வார்கள். வறுமைப்பட்டவர் கோடிக்கணக்கானோர், அவர்கள் யாரையும் சுடவில்லை. 'புஸ்தகம் படித்துக் கெட்டான்' என்று வேறு சிலர் சொல்வார்கள். புஸ்தகம் படித்தவன் வைத்தியனாகவும் கவியாகவும் ஆவதையே நாம் அதிகமாகக் காண்கிறோம். தேசாபிமானத்தைக் குறை கூறவும் நமக்கு மனம் வராது. தேசாபிமானம் கோடிப்பேரைக் கைராட்டையின் முன் உட்காரவைத்ததும் நம் நாட்டில்தான். நமக்குத் தெரிந்தவரை, அந்த வயதில் பிள்ளைக்கு ஒன்று வேண்டியிருக்கிறது: 'நீ எங்களுக்கு வேண்டியவன்' என்று ஒருவர் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் சொல்லலாம், வேலை கொடுத்தவர் சொல்லலாம், அண்டை வீட்டுக்காரர் சொல்லலாம். இவர்கள் யாவரும் சும்மா இருந்துவிட்டால், கையில் துப்பாக்கியோடு இருப்பவன் சொல்லுவான்.

இந்த வருஷம் நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெரிய பட்டணங்களுக்குப் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் உங்களுக்குத் தெரிந்தவன் ஒருவனாவது இருப்பான். அவன் விலாசத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் வசிப்பவராயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு இலை அதிகமாகப் போடுங்கள். அவன் பேசுவது பிடிக்காவிட்டாலும் முழுவதும் பேசவிடுங்கள். முக்கியமாக, அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.